எதிர்ப்பு சக்தி குறைவதால்தான் கடும் அலர்ஜி வருகிறதா?

தும்பி | மார்ச் 4, இரவு 9:10

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குத்தான் அலர்ஜி வரும், சக்தியை ஏற்றிவிட்டால் தானாகப் போய்விடும் என்று திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அப்படியானால் நோய்நொடி இல்லாத, திடகாத்திரமான ஆள் ஒரு குளவி கொட்டிப் பத்தே நிமிடத்தில் சுருண்டு விழுவது எப்படி? அதே ஆளைப் போன வருடம் குளவி கொட்டியபோது கை வீங்கியதோடு சரி. இன்னொன்று: கையில் ஒரு செட்ரிசின் மாத்திரை இருந்தால் போதாதா?

நுண்நோக்கி | மார்ச் 4, இரவு 9:52

அனாபிலாக்சிஸ் எனப்படும் இந்தக் கடும் அலர்ஜி, எதிர்ப்பு சக்தி குறைவால் வருவதில்லை. ஆபத்தில்லாத ஒரு புரதத்தை எதிரி என்று பதிவு செய்துகொண்ட நோய் எதிர்ப்பு மண்டலம், தன் வேலையை முழு வேகத்தில் செய்வதால் வருகிறது. தீவிர அலர்ஜிக்கு வந்திருக்கும் புதிய மருந்துகள் மண்டலத்தின் ஒரு கையைக் கட்டிப்போடுபவை. எதையும் ஏற்றுபவை அல்ல.

இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது. புரதம் உள்ளே வருகிறது. டெண்ட்ரிட்டிக் செல் என்ற காவல் செல் அதை விழுங்கித் துண்டாக்கி, நிணநீர்க் கணுவில் இருக்கும் டி செல்லிடம் காட்டுகிறது. அந்த டி செல் இன்டர்லூக்கின்-4, 13 என்ற செய்திப் புரதங்கள் இரண்டையும் சுரந்தால், எதிர்ப்பொருள் செய்யும் பி செல் தன் எதிர்ப்பொருளின் வகையை ஐஜிஈ (IgE) என்பதற்கு மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் ஐஜிஈ மிகமிகச் சொற்பம். வழக்கமான எதிர்ப்பொருளான ஐஜிஜி (IgG) ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் ஓடுகிறது என்றால் ஐஜிஈ நானோகிராம் கணக்கு. அங்கே அதன் அரை ஆயுளும் சுமார் இரண்டு நாள்தான். ஆனால் தோல், மூச்சுக்குழல், குடல், இரத்தக்குழாய் ஓரம் என்று எங்கும் குடியிருக்கும் மாஸ்ட் செல் என்ற எதிர்ப்பு மண்டலச் செல்லின் ஏற்பியில் போய் உட்கார்ந்துவிட்டால் வாரக்கணக்கில் இறங்காது. ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். திரி பொருத்தி வைத்தாயிற்று.

இரண்டாம் கட்டம் அதே புரதம் மறுபடி வரும்போது. ஒரு புரத மூலக்கூறு ஒரே ஒரு ஐஜிஈ-யைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டைச் சேர்த்துப் பிடித்து, அவற்றின் ஏற்பிகளை நெருக்கமாக இழுக்க வேண்டும். இழுத்த கணத்தில் உள்ளே லின், சிக் என்ற நொதிகள் விழிக்கின்றன, செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, சில நிமிடங்களில் துகள்கள் வெளியே கொட்டுகின்றன. ஹிஸ்டமின், டிரிப்டேஸ், ஹெப்பாரின் மூன்றும் ஏற்கெனவே செய்து அடுக்கி வைத்த சரக்கு. செல் சவ்வின் கொழுப்பிலிருந்து லூக்கோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் டி2, பிஏஎஃப் (பிளேட்லெட்டைத் தூண்டும் காரணி) ஆகியவை அப்போதே புதிதாகத் தயாராகின்றன.

நீங்கள் சொன்ன ஆளுக்குப் போன வருடக் கொட்டு முதல் கட்டமாக இருந்திருக்கலாம். செட்ரிசின் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நுண்நோக்கி | மார்ச் 4, இரவு 10:05

விட்டுப்போனது: மாஸ்ட் என்ற பெயர் பால் எர்லிக் 1878-ல் வைத்தது. நன்றாகத் தின்று கொழுத்த செல் என்ற பொருளில். சாயம் ஏற்றிப் பார்த்தபோது உள்ளே நெருக்கியடித்துக் கிடந்த துகள்களைத் தீனி என்று எண்ணினார். அவை எதற்கு என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது.

தும்பி | மார்ச் 5, காலை 7:20

அப்படியானால் முதல் தடவை யாருக்கும் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா? வாழ்நாளில் வேர்க்கடலையே தொடாத குழந்தை முதல் வாயிலேயே நீலம் பாரித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நுண்நோக்கி | மார்ச் 5, மதியம் 1:15

எடுத்துக்கொள்ளக் கூடாது. நேற்று எழுதியதில் ‘உள்ளே வருகிறது’ என்று பொத்தாம்பொதுவாக விட்டுவிட்டேன். எந்த வழியாக என்பதுதான் விஷயமே.

அந்தக் குழந்தையின் வாய்க்குத்தான் அது முதல் தடவை. கரப்பான் படையால் (எக்ஸிமா) வெடித்த தோல் வழியாக வீட்டுத் தூசியில் இருக்கும் கடலைப் புரதம் மாதக்கணக்கில் உள்ளே போயிருக்கும். தோலின் காப்பை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தில் குறை உள்ளவர்களுக்கு இது இன்னும் எளிது. காயம்பட்ட தோல் செல்கள் டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33 என்ற அபாயச் செய்திகளை அனுப்புகின்றன. அந்தச் சூழலில் சந்திக்கும் புரதம் எதிரிப் பட்டியலில் ஏறுகிறது. அதே புரதம் குடல் வழியாக முதலில் வந்தால் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் உருவாகிறது. லண்டன் அலர்ஜி மருத்துவர் கிடியான் லாக் முன்வைத்த கருத்து இது.

அவரே 2015-ல் வெளிவந்த லீப் ஆய்வில் சோதித்தும் பார்த்தார். கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகள், சேரும்போது வயது 4 முதல் 11 மாதம். பாதிப் பேருக்குக் கடலை கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு அறவே தவிர்த்தார்கள். ஐந்து வயதில் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்குக் கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம். ‘மூன்று வயது வரை கொடுக்காதீர்கள்’ என்ற பழைய அறிவுரை எத்தனை குழந்தைகளுக்குக் கெடுதல் செய்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. கைக்குழந்தைக்கு முழுக்கடலை கூடாது, மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும், அரைத்துக் குழைத்ததுதான். கடும் கரப்பான் உள்ள குழந்தை என்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும்.

இரவுப்பணி | மார்ச் 5, இரவு 11:40

செட்ரிசின் கேள்விக்கு நான் எழுதுகிறேன்.

ஆள் சாவது அரிப்பால் அல்ல. மூன்று வழி இருக்கிறது. ஒன்று, நாக்கும் தொண்டையும் வீங்கி மேல்மூச்சு அடைபடுவது. இரண்டு, நுரையீரலுக்குள் சிறு குழல்கள் சுருங்குவது; உணவு அலர்ஜியில் பெரும்பாலும் இதுதான் கொல்கிறது, ஆஸ்துமா சரியாகக் கட்டுக்குள் இல்லாதவர்களை முக்கியமாக. மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: இரத்தக்குழாய்கள் தளர்கின்றன, அவற்றின் சுவர் செல்களுக்கு இடையே இடைவெளி விழுந்து இரத்த நீர் திசுக்களுக்குள் கசிகிறது. குழாய்க்குள் இருக்கும் நீரில் 35 சதவீதம் வரை பத்து நிமிடத்தில் வெளியேறிவிட முடியும். ஒரு சொட்டு இரத்தம் தரையில் சிந்தாமலே இரத்தம் வடிந்தவர் நிலைக்குப் போய்விடுகிறார். இதயம் துடிக்கிறது, பம்ப் செய்ய உள்ளே ஒன்றும் வரவில்லை.

இனி நேரம். பிரிட்டனில் இறந்தவர்களின் விவரங்களை அலசி 2000-ல் வெளியிட்ட ஆய்வில், இதயமோ மூச்சோ நிற்கும் வரையிலான இடைநிலை நேரம் உணவில் 30 நிமிடம், பூச்சிக்கடியில் 15, ஊசி மருந்தில் 5. வாயில் போட்ட செட்ரிசின் வேலையைத் தொடங்கவே அரை மணி முதல் ஒரு மணி வரை ஆகும். தொடங்கினாலும் ஹிஸ்டமினின் ஹெச்1 ஏற்பியை அடைப்பது மட்டுமே அதன் வேலை. தடிப்பும் அரிப்பும் அடங்கும். அடங்கியதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் தைரியமாகிவிடுவார்கள், உள்ளே இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டு இன்னும் மெதுவானது, பல மணி நேரம்.

ஊசியாகப் போடும் அட்ரினலின் ஒன்றுதான் எல்லா இடத்திலும் போய் நிற்கிறது. ஆல்பா ஏற்பி வழியாகக் குழாய்களை இறுக்கிக் கசிவையும் தொண்டை வீக்கத்தையும் குறைக்கிறது. பீட்டா-1 இதயத்தை உந்துகிறது. பீட்டா-2 மூச்சுக்குழலை விரிக்கிறது, கூடவே மாஸ்ட் செல் மேலும் கொட்டுவதையும் தடுக்கிறது.

இரவுப்பணி | மார்ச் 6, காலை 6:30

அட்ரினலின் அளவு கேட்டுத் தனிச் செய்தி வந்திருக்கிறது. எல்லோருக்குமாக இங்கேயே.

மில்லிலிட்டருக்கு 1 மி.கி. கொண்ட ஆம்பூல். எடையில் கிலோவுக்கு 0.01 மி.கி.; பெரியவர்களுக்கு உச்சவரம்பு 0.5 மி.கி., அதாவது அரை மில்லிலிட்டர். 20 கிலோ குழந்தைக்கு 0.2 மி.லி. தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறம், தசைக்குள். குழந்தைகளிடம் அளந்தபோது தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் இரத்தத்தில் உச்சம் தொட்டது. தோலுக்கடியில் போட்டது 34 நிமிடம் எடுத்தது. ஏன் என்றால் அட்ரினலினே தோலின் குழாய்களைச் சுருக்கித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. தேறவில்லை என்றால் 5 நிமிடத்தில் இன்னொன்று. இரண்டாவதுக்கும் அசையவில்லை என்றால் நரம்பு (சிரை) வழியே வேகமாகத் திரவம், கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி.; அதோடு கண்காணிப்புக் கருவியை மாட்டி, பழக்கப்பட்டவர் கையால் சொட்டாக அட்ரினலின்.

தவறுவது எங்கே? தசைக்கான அளவை அப்படியே நரம்பில் ஏற்றிவிடுவது. இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாரடைப்பு வரும். மார்பு நின்றுபோனவருக்கு வைத்திருக்கும் பத்து மடங்கு நீர்த்த சிரிஞ்சை எடுத்துத் தொடையில் போடுவது அடுத்தது. ஊசி போட்டாயிற்று என்று எல்லோரும் காத்திருப்பார்கள், உள்ளே போனது பத்தில் ஒரு பங்கு. ஆனால் இவை இரண்டையும் விட அதிகம் நடப்பது, போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நிற்பது.

நுண்நோக்கி | மார்ச் 6, காலை 9:05

ஒரு சொல் திருத்தம்: மேலே ‘மார்பு நின்றுபோனவருக்கு’ என்பதை ‘இதயம் நின்றுபோனவருக்கு’ என்று படிக்கவும்.

படுக்கை நிலையையும் சேர்க்க வேண்டும். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். எழுப்பி நிறுத்தாதீர்கள், நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். இதயத்துக்குத் திரும்பும் இரத்தமே சொற்பமாக இருக்கும்போது சட்டென்று நிமிர்த்தினால் அதுவும் காலில் தேங்கிவிடும். இப்படி நிமிர்த்தியதும் நொடிகளில் இறந்தவர்களின் விவரங்கள் 2003-ல் பதிவாகியிருக்கின்றன.

தும்பி | மார்ச் 6, இரவு 8:48

மூச்சு வாங்குகிறவரைப் படுக்கவைத்தால் இன்னும் திணறுவாரே?

இரவுப்பணி | மார்ச் 6, இரவு 9:30

சரியான கேள்வி. மூச்சுத் திணறல் முன்னால் நின்றால் உட்காரவிடுங்கள், ஆனால் கால் தரையோடு நீட்டியிருக்கட்டும்; நாற்காலியில் தொங்கவிட வேண்டாம். வாந்தி எடுப்பவரும் நினைவு தப்பியவரும் ஒருக்களித்து. நிறைமாதக் கர்ப்பிணி இடப்பக்கம் சரிந்து, இல்லையென்றால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தும்.

நுண்நோக்கி | மார்ச் 8, மாலை 4:10

இரண்டு நாளாக மனதில் உறுத்துகிறது. ஹிஸ்டமினையே நாயகனாக்கிவிட்டோம். அது ஐந்து பத்து நிமிடத்தில் உச்சம் போய், ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். கடுமையைத் தீர்மானிப்பதில் பிஏஎஃப்-க்குப் பெரும் பங்கு உண்டு என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. தாக்குதல் கடுமையாக ஆக இரத்தத்தில் பிஏஎஃப் அளவும் ஏறுகிறது. அதைச் சிதைக்கும் நொதியின் வேகமோ குறைந்துகொண்டே போகிறது. கடலையால் இறந்தவர்களிடம் அந்த நொதி குறைந்திருந்ததை 2008-ல் காட்டினார்கள். ஒரே கடலை ஒருவருக்குத் தடிப்போடு போவதும் இன்னொருவரைச் சாய்ப்பதும் ஏன் என்பதற்கு, கொட்டும் அளவு மட்டும் காரணமில்லை, கொட்டியதைத் துடைத்தெடுக்கும் வேகமும் காரணம்.

பரிசோதனைக்கு உதவுவது டிரிப்டேஸ். தொடங்கிய ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சம். சிகிச்சையை நிறுத்தாமல் அந்த வாக்கில் ஒரு குழாய் இரத்தம், முழுக்கத் தேறி 24 மணி நேரம் தாண்டி இன்னொன்று. இரண்டாவது எண்ணை 1.2-ஆல் பெருக்கி 2 சேருங்கள். முதல் எண் அதைத் தாண்டினால் மாஸ்ட் செல் கொட்டியிருக்கிறது. அடிப்படை 5 என்றால் வரம்பு 8. அன்று 9 வந்தது என்றால், ஆய்வகத் தாளில் 11.4 வரை இயல்பு என்று அச்சிட்டிருந்தாலும், அது இயல்பல்ல. இதை வைத்து ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிற தவறு. உணவு அலர்ஜியில் டிரிப்டேஸ் ஏறாமலும் போகலாம், எனவே ஏறவில்லை என்பது எதையும் மறுக்காது.

தும்பி | மார்ச் 9, காலை 10:02

உடம்பில் தடிப்பே இல்லாவிட்டால் அலர்ஜி இல்லை என்று விட்டுவிடலாம்தானே?

இரவுப்பணி | மார்ச் 9, காலை 10:20

இல்லை. பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எதுவும் தெரியாது. தனக்கு ஆகாது என்று தெரிந்த பொருள் உள்ளே போய், சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கினாலோ குரல் கம்மினாலோ மூச்சிழுப்பு வந்தாலோ, அதுவே போதும். குழந்தை திடீரென்று துவண்டு சோர்வதும் அடையாளம்.

நுண்நோக்கி | மார்ச் 11, இரவு 9:45

விதிவிலக்குகள். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஐஜிஈ இல்லாமலும் மாஸ்ட் செல் கொட்டும். அதன் மேல் எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்று இன்னொரு ஏற்பி உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள், மயக்க மருத்துவத்தில் தசை தளர்த்தும் அட்ராகூரியம் போன்றவை, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எல்லாம் நேரடியாக அந்தப் பொத்தானை அழுத்துகின்றன. 2015-ல்தான் இதன் பங்கு தெளிவாயிற்று. முதல் கட்டம் தேவையில்லை, முதல் டோஸிலேயே வரும். எவ்வளவு வேகமாக ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் வான்கோமைசினை நிமிடத்துக்கு 10 மி.கி.-க்கு மேல் ஏற்றுவதில்லை. சிவந்தால் நிறுத்தி, பிறகு மெதுவாக்கினால் பெரும்பாலும் தொடர முடிகிறது. எந்த வழியில் கொட்டினாலும் ஆள் சாயும்போது சிகிச்சை அதே அட்ரினலின்.

இன்னொரு பக்கம், மிகத் தாமதமாக வருவது. சிலவகை உண்ணிகள் கடித்தவர்களுக்கு ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு ஐஜிஈ உருவாகிறது. ஆடு, மாடு, பன்றி இறைச்சியில் அது இருக்கிறது. சாப்பிட்டு 3 முதல் 6 மணி நேரம் கழித்து, பலருக்கு நடு இரவில், தடிப்போடு விழிப்பு வருகிறது. செடக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தின் முதல் டோஸிலேயே சிலர் சாய்ந்ததைத் துருவியபோது இந்தக் கதை வெளிவந்தது: மருந்தின் மேலும் அதே சர்க்கரை. நரம்பில் போனபோது நிமிடங்களில், இறைச்சியில் வந்தபோது மணிக்கணக்கில். கொழுப்போடு சேர்ந்து மெதுவாகச் செரிமானம் ஆவதால் இருக்கலாம் என்பது பரவலான விளக்கம்.

கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையாடின் என்ற புரதத்துக்கு அலர்ஜி உள்ளவர்கள் சும்மா சாப்பிட்டால் தப்பிக்கிறார்கள். சாப்பிட்ட நாலு மணி நேரத்துக்குள் ஓடினால் விழுகிறார்கள். வலி மாத்திரை, மது, காய்ச்சல் இவையும் வரம்பைத் தாழ்த்தும். ‘போன வாரம் சாப்பிட்டேனே, ஒன்றும் ஆகலையே’ என்பதை நம்ப முடியாததற்கு இது ஒரு காரணம்.

இரவுப்பணி | மார்ச் 12, காலை 7:15

இதய நோய்க்குப் பீட்டா தடுப்பி சாப்பிடுபவர் அட்ரினலினுக்கு மசியாமல் போகலாம். அவருக்குக் குளுக்ககான் என்ற ஹார்மோன் 1 முதல் 5 மி.கி., ஐந்து நிமிடம் எடுத்து நரம்பில். வாந்தி வரும், மூச்சுவழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரிப்பே இல்லாத முக வீக்கம், தடிப்பு கிடையாது, பரம்பரையில் இருக்கிறது என்றால் வேறு நோய். பிராடிகைனின் என்ற வேறொரு வேதிப்பொருள் செய்யும் வேலை அது, அட்ரினலின் அங்கே எடுபடாது.

தேறிய பிறகும் கிளம்பிவிடக் கூடாது. புதிதாக எதுவும் உள்ளே போகாமலே சிலருக்கு இரண்டாம் அலை வரும். பெரும்பாலும் முதல் 12 மணி நேரத்தில், அபூர்வமாக 72 வரை. முதல் ஊசி தாமதமானவர்களுக்கும் ஒன்றுக்கு மேல் தேவைப்பட்டவர்களுக்கும் அது வர வாய்ப்பு அதிகம். அவர்களை ஆறு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும்.

தும்பி | மார்ச் 14, இரவு 9:00

ஐஜிஈ எண் பெரிதாக இருந்தால் தாக்குதலும் பெரிதாக வருமா?

நுண்நோக்கி | மார்ச் 14, இரவு 10:30

எண் பெரிதானால் அலர்ஜி உண்மையாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அது சொல்லாது. சோதனையில் நேர்மறை, ஆனால் தினமும் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அலர்ஜி இல்லை. சந்தேகத்துக்கு ஐம்பது உணவுகளைச் சோதித்துவிட்டு, வந்த நேர்மறைகளை எல்லாம் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்துவிடுவது பெரிய கெடுதல். பொறுத்துக்கொண்டிருந்த உணவையும் நிறுத்திவைத்து, பிறகு கொடுக்கும்போது அசல் அலர்ஜி வந்ததும் உண்டு.

எந்தப் புரதத்துக்கு எதிராக என்பது அதைவிடப் பயனுள்ள தகவல். கடலையில் ‘அரா ஹெச் 2’ வெப்பத்துக்கும் வயிற்று அமிலத்துக்கும் அசையாதது. அதற்கு ஐஜிஈ இருந்தால் கவனம். ‘அரா ஹெச் 8’ மகரந்தப் புரதத்தின் உறவு, எளிதில் சிதையும். பெரும்பாலும் வாய் நமைச்சலோடு நிற்கும். இறாலின் டிரோப்போமயோசின் தூசிப்பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் ஏறக்குறைய அதே வடிவம், கொதிக்கவைத்தாலும் போகாது.

நுண்நோக்கி | மார்ச் 16, மதியம் 3:20

இந்த இழையின் முதல் கேள்வி விஞ்ஞானத்தில் எப்படி எழுந்தது என்பதையும் பதிந்துவிடுகிறேன். 1902-ல் சார்ல்ஸ் ரிஷேயும் பால் போர்த்தியேயும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவில் ஏற்றினார்கள். பழகிப் போகும் என்பது எதிர்பார்ப்பு. சில வாரம் கழித்து அதே நாய்க்கு அதைவிடக் குறைந்த அளவு கொடுத்ததும் நிமிடங்களில் இறந்தது. காப்புக்கு நேர்மாறு என்ற பொருளில் அனாபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். 1913-ல் ரிஷேக்கு நோபல்.

அது இரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று என்பதை 1921-ல் பிராஸ்னிட்ஸ் காட்டினார். மீன் ஆகாத சக மருத்துவர் கூஸ்ட்னரின் இரத்தநீரைத் தன் தோலில் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைப் போட்டார். தடித்தது. அந்த ஏதோ ஒன்று ஐஜிஈ என்று தெரிய 1960-களின் பிற்பகுதி ஆயிற்று. இஷிசாகா தம்பதியும் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே அங்கே வந்துசேர்ந்தார்கள்.

பெயர் திருத்தம்: மேலே கூஸ்ட்னர் அல்ல, கூஸ்ட்னெர் என்றும் எழுதக் கூடாது, ஜெர்மன் உச்சரிப்புக்கு நெருங்கியது க்யூஸ்ட்னர்.

தும்பி | மார்ச் 20, மாலை 6:15

சரி, நிரந்தரமாகத் தீர வழியே இல்லையா?

நுண்நோக்கி | மார்ச் 20, இரவு 9:10

குளவி, தேனீ நஞ்சுக்கு நல்ல வழி இருக்கிறது. நஞ்சையே மிகச் சிறிய அளவில் தொடங்கி 100 மைக்ரோகிராம் வரை ஏற்றி, குறிப்பிட்ட இடைவெளியில் 3 முதல் 5 ஆண்டுகள் தொடர்வது. உடல் அதே நஞ்சுக்கு ஐஜிஜி4 செய்யத் தொடங்கும். அது நஞ்சை ஐஜிஈ தொடும் முன் வழிமறிக்கிறது. நீங்கள் முதல் நாள் கேட்ட ஆள் போக வேண்டிய இடம் இதுதான்.

உணவில் இவ்வளவு உறுதி இல்லை. ஓமலிசுமாப் என்ற ஊசி மருந்து, சுற்றும் ஐஜிஈ-யைப் பிடித்து மாஸ்ட் செல்லில் உட்காரவிடாமல் செய்கிறது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் உணவு அலர்ஜிக்கு அனுமதி கிடைத்தது. சோதனையில் 16 வாரத்துக்குப் பின் 600 மி.கி. கடலைப் புரதத்தைத் தாங்கியவர்கள் 67 சதவீதம், போலி மருந்தில் 7. தெரியாமல் ஒரு துளி கலந்துவிட்டால் காப்பாற்றும். மருந்து எடுக்கிறோம் என்று கடலையைத் தேடிச் சாப்பிட முடியாது. சாய்ந்த பிறகு போட்டுப் பயனும் இல்லை.

இரவுப்பணி | மார்ச் 20, இரவு 11:25

ஓமலிசுமாப் எடுப்பவரும் அட்ரினலின் பேனாவை (தானே போட்டுக்கொள்ளும் பேனா வடிவ ஊசி) கீழே வைக்கக் கூடாது. இரண்டு பேனா, எப்போதும் கூடவே. பூட்டிய அலமாரியில் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரில் வேண்டாம், குளிர்பெட்டியிலும் வேண்டாம். மருந்து தெரியும் சாளரத்தில் பழுப்பு நிறம் தட்டினால் மாற்றுங்கள். போடும்போது நுனியில் கட்டைவிரலை வைக்காதீர்கள், மருந்து விரலுக்குள் போய்விடும். துணிக்கு மேலேயே போடலாம். பையில் சாவி, கைபேசி இல்லாத இடமாகப் பார்த்து. குழந்தை என்றால் காலை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு. கிளிக் என்று கேட்கும் வரை அழுத்தி, உறையில் சொல்லியிருக்கும் நொடிகள் வரை எடுக்காமல் வையுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். போட்ட நேரத்தைக் கையிலேயே எழுதிவிட்டு ஆம்புலன்சை அழையுங்கள்.